டிக்கெட் எந்திரத்தை மாற்றுவது எப்படி?

பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும்.

ரெயில் நிலையத்துக்குப் போகிறோம். படிவத்தில் பெயர், வயது, ரெயில், தேதி எல்லாம் எழுதி கவுண்ட்டரில் நீட்டுகிறோம். உள்ளே இருப்பவர் தட்டுகிறார். ஒரு நிமிடம்தான். டிக்கெட் வந்து விடுகிறது. "எஸ்-5 பெட்டி, 25-ம் எண், கீழ்ப் படுக்கை" என்று அதில் இருக்கிறது.

அந்த 25-ஐ நமக்கு ஒதுக்கியது யார்?

கவுண்ட்டரில் இருப்பவர் அல்ல. அவர் முன்னால் இருக்கும் பெட்டியும் அல்ல. எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்தான் அதை ஒதுக்கியது. அந்த ரெயிலில், ஒவ்வொரு நாளும், எந்தப் படுக்கை யாருக்கு என்ற கணக்கு அதனிடம் இருக்கிறது.

அந்த எந்திரத்துக்கு வயதாகி விட்டது. மாற்றப் போகிறோம் என்று 2025-ம் ஆண்டு அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. எந்திரம் 2010-ம் ஆண்டில் நிறுவியது. அதன் பெயர் இட்டானியம். அதை நடத்தும் தலைமைப் புரோகிராமின் பெயர் ஓபன் வி.எம்.எஸ். அது ஒரு நிமிடத்தில் சுமார் 25 ஆயிரம் டிக்கெட் கொடுக்கும். புதிய ஏற்பாடு அதைப்போல 4 மடங்கு கொடுக்கும். இதுதான் அரசு சொன்ன விவரம்.

4 மடங்கு என்றதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மகிழ வேண்டியதுதான். ஆனால், எவ்வளவு வேகம் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எப்படி மாற்றுவது?

தண்டவாளத்தை மாற்றும்போது ரெயிலை நிறுத்தி விடலாம். செங்கோட்டை-புனலூர் பாதையை அகலப் பாதையாக்க 2010-ம் ஆண்டில் மூடினார்கள். 2018-ம் ஆண்டில்தான் திறந்தார்கள். ஜனங்கள் பஸ்சில் போய்க் கொண்டார்கள். டிக்கெட் கம்ப்யூட்டரை அப்படி மூட முடியுமா? ஒரு நாள் மூடினால் கூட நாடு தாங்காது. பந்தி நடந்து கொண்டிருக்கும்போதே அடுப்பை மாற்ற வேண்டும். இலையில் சாதம் குறையவும் கூடாது.

பேரேட்டுக் காலம்

கம்ப்யூட்டர் வருமுன் என்ன செய்தார்கள்?

பெரிய பெரிய பேரேடுகள் வைத்திருந்தார்கள். ஒரு ரெயிலுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு. குமாஸ்தா பக்கத்தைப் புரட்டுவார். இடம் இருந்தால் பெயரை எழுதிக் கொள்வார். இல்லாவிட்டால் கையை விரிப்பார். வெளியூரில் இருந்து திரும்பி வருவதற்கு டிக்கெட் வேண்டுமானால், அந்த ஊருக்குத் தந்தி போக வேண்டும். பதில் வர வேண்டும்.

1985-ம் ஆண்டில் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் அந்தப் புரோகிராமை எழுதியது. பிறகு மற்ற பெருநகரங்களுக்கும் வந்தது. ஆனால், டெல்லி கம்ப்யூட்டருக்கு டெல்லிக் கணக்குதான் தெரியும். சென்னை கம்ப்யூட்டருக்குச் சென்னைக் கணக்குதான் தெரியும். எல்லா மையங்களையும் ஒன்றோடு ஒன்று இணைத்து முடித்தது 1999-ம் ஆண்டில். அதன் பிறகுதான் எந்த ஊரில் இருந்தும் எந்த ரெயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. 2002-ல் இன்டர்நெட் வழியாகவும் டிக்கெட் வந்தது.

இதை எழுதும் எனக்குப் பேரேட்டைப் பார்த்த ஞாபகம் கிடையாது. அப்பாவோடு வரிசையில் நின்ற ஞாபகம் உண்டு. தீபாவளிக்கு முன்பு விடியற்காலை 4 மணிக்கே போவோம். எங்களுக்கு முன்பே நான்கைந்து ஜோடிச் செருப்பும் ஒரு மஞ்சள் பையும் வரிசையில் நிற்கும்! ஆட்கள் டீக்கடையில் இருப்பார்கள். 8 மணிக்குக் கவுண்ட்டர் திறந்ததும் எல்லோரும் ஓடி வந்து அவரவர் செருப்பில் நின்று கொள்வார்கள். டிக்கெட் கையில் கிடைத்ததும் அப்பா செய்யும் முதல் வேலை, அதைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே தட்டிப் பார்ப்பது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுக்கும் வரை ஐந்தாறு முறை தட்டுவார்.

அந்தத் தாளில் இருக்கும் எண் உண்மையான எண் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே வந்ததில்லை. நமக்கும் வருவதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் பழைய எந்திரத்தில் இருந்து புது எந்திரத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஓலை மாறினால்...

எந்திரத்தை மாற்றுவதில் என்ன கஷ்டம்? பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைக்க வேண்டியதுதானே?

நம் ஏட்டுச் சுவடிகளை நினைத்துப் பாருங்கள். பனை ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான். பிறகு செல்லரிக்கும், ஒடியும். அதனால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுக்க வேண்டும். எடுத்தவை பிழைத்தன. எடுக்காதவை போயின. பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கமும் இருந்தது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததெல்லாம் போனது போக மிச்சம் இருந்ததைக் காப்பாற்றத்தான்.

கம்ப்யூட்டர் விஷயமும் அதேதான். எந்திரம் ஓலை. புரோகிராம் பாட்டு. ஓலைக்கு ஆயுள் குறைவு. பாட்டு நீடித்து இருக்க வேண்டும்.

ஒரு வித்தியாசம். ஓலை எதுவானாலும் தமிழ் தமிழ்தான். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஒவ்வொரு வகை எந்திரத்துக்கும் ஒரு பாஷை. ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது. பழைய எந்திரத்தில் நன்றாக ஓடிய புரோகிராமைப் புது எந்திரத்தில் அப்படியே வைத்தால், அது விழிக்கும்!

இந்த ஓபன் வி.எம்.எஸ். என்ற தலைமைப் புரோகிராமின் கதையே சுவையானது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு பழைய கம்பளி மில் கட்டடத்தில் 1957-ம் ஆண்டு 'டிஜிட்டல்' என்ற கம்பெனி தொடங்கியது. அந்தக் கம்பெனி 1977-ம் ஆண்டில் 'வாக்ஸ்' என்ற எந்திரத்தைக் கொண்டு வந்தது. அதை நடத்த எழுதியதுதான் வி.எம்.எஸ்.

1992-ல் அதே கம்பெனி 'ஆல்பா' என்று வேறு எந்திரம் செய்தது. பாஷை வேறு. ஆனால், வாக்சில் வேலை செய்து கொண்டிருந்த பாங்கிகளும் தொழிற்சாலைகளும் புரோகிராமை எல்லாம் தூக்கி எறிய முடியுமா? எனவே வி.எம்.எஸ்.சையே புது பாஷைக்கு மாற்றினார்கள். புரோகிராமை எழுதிய மூலம் கையில் வைத்திருந்தவர்கள் அதைப் புது எந்திரத்துக்காக மறுபடி மொழிபெயர்த்துக் கொண்டார்கள். மூலத்தைத் தொலைத்தவர்களும் இருந்தார்கள். (எழுதிய ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார். மூலமும் அவரோடு போயிருக்கும். எல்லா ஆபீசிலும் நடப்பதுதான்.) அவர்களுக்காகவே வாக்ஸ் பாஷையை நேராக ஆல்பா பாஷைக்கு மாற்றும் ஒரு துபாஷிப் புரோகிராமையும் கம்பெனி கொடுத்தது.

அதற்குப் பிறகு கம்பெனியே கை மாறியது. 1998-ல் காம்பாக் வாங்கியது. 2002-ல் அந்தக் காம்பாக் ஹியூலட் பக்கார்டோடு சேர்ந்தது. வி.எம்.எஸ். 2005-ல் இட்டானியத்துக்குக் குடி வந்தது. 2022-ல், சாதாரணமாகக் கடைகளில் விற்கும் கம்ப்யூட்டர்களின் ஜாதியைச் சேர்ந்த எந்திரங்களுக்கும் வந்து விட்டது. ஆக, 1977-ல் பிறந்த புரோகிராம் 3 முறை வீடு மாறியது. ஒவ்வொரு முறையும் ஓலை மாறியது. பாட்டில் கை வைக்கவில்லை.

இட்டானியத்தின் கதி என்ன? அதைச் செய்த இன்டெல் கம்பெனி 2021-ம் ஆண்டு ஜூலையோடு அனுப்புவதை நிறுத்தி விட்டது. ஆட்டுக்கல் இருக்கிறது. குழவி செய்வார் இல்லை. ஆகவே, ரெயில்வே எந்திரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். அதில் இரண்டு பேச்சு கிடையாது.

இரண்டும் ஒரே நேரத்தில்!

ஆனால், ரெயில்வே தேர்ந்தெடுத்தது வேறு வழி. ஓலையை மட்டும் மாற்றவில்லை. எந்திரம், புரோகிராம், இணைப்புக் கருவிகள், பாதுகாப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக்குவது என்று திட்டம். 'கிளவுட்' முறைக்குப் போகிறோம் என்றார்கள். கிளவுட் என்றால் மேகம். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே பெரிய எந்திரத்துக்குப் பதிலாகப் பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைத்துக் கொண்டு, கூட்டம் அதிகமானால் அதிக எந்திரங்களை வேலைக்கு விடும் முறை. தட்கல் நேரமான காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் அது கை கொடுக்கும்.

இதைத் தவறு என்று நாம் சொல்லவில்லை. பழைய வி.எம்.எஸ். தெரிந்த ஆட்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். புதிய வசதிகளைப் பழைய புரோகிராமில் ஒட்டுப் போட்டுக் கொண்டே இருக்கவும் முடியாது. ஆனால், ஓலையோடு பாட்டையும் மாற்றி எழுதும்போது ஆபத்து இரட்டிப்பு. அதை ஒத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே டி.எஸ்.பி. என்று ஒரு பாங்கி. (போலீஸ் அதிகாரி அல்ல. பாங்கியின் பெயரே அதுதான்.) அது முன்பு லாயிட்ஸ் என்ற பெரிய பாங்கியோடு சேர்ந்து இருந்தது. பிறகு ஸ்பெயின் நாட்டு சபடெல் பாங்கி 2015-ல் அதை வாங்கியது. கணக்கு வழக்கு எல்லாம் இன்னும் லாயிட்ஸ் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதைப் புது ஏற்பாட்டுக்கு மாற்ற வேண்டும். 52 லட்சம் வாடிக்கைக்காரர்கள். எல்லோரையும் ஒரே வார இறுதியில் மாற்றி விடுவது என்று முடிவு செய்தார்கள்.

2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். சனி, ஞாயிறு கடந்தது. கணக்குகள் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்து விட்டன. ஆனால், கதவைத் திறந்ததும் புது ஏற்பாடு கூட்டத்தைத் தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். சம்பளப் பணம் உள்ளே இருக்கிறது. எடுக்க முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது! முழுவதும் சரியாவதற்கு டிசம்பர் ஆகி விட்டது. தலைமை அதிகாரி அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பதவியை விட்டுப் போனார். 2022-ம் ஆண்டில் பாங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? விசாரணையில் தெரிந்த ஒரு விஷயம் இது. அந்தப் பாங்கிக்குப் புது ஏற்பாட்டில் இரண்டு கம்ப்யூட்டர் மையங்கள் இருந்தன. கூட்டத்தைத் தாங்குமா என்று ஒன்றைத்தான் சோதித்தார்கள். மற்றதும் இதைப் போலத்தான் இருக்கும் என்று நினைத்து விட்டார்கள்.

பாங்கியில் தவறு நடந்தால் பணம் தாமதமாக வரும். ரெயிலில் நடந்தால்?

ஒரு படுக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். இரவு 2 மணி. விழுப்புரத்தில் ஒரு தாய் கைக்குழந்தையோடு ஏறுகிறாள். அவளுடைய படுக்கையில் ஒரு கிழவர் தூங்குகிறார். எழுப்புகிறார்கள். அவரிடமும் டிக்கெட் இருக்கிறது. இரண்டும் நல்ல டிக்கெட். டிக்கெட் பரிசோதகர் என்ன செய்வார்? கம்ப்யூட்டர் சொன்னால் சரி என்றுதான் அவருக்கும் பழக்கம்.

60 நாள் போதும்

அப்படியானால் என்ன செய்யலாம்? நமக்குத் தோன்றும் யோசனையைச் சொல்கிறோம்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவது வேண்டாம். பாதியைப் பழைய எந்திரமும் பாதியைப் புது எந்திரமும் விற்கலாமா என்றால், ஒரே ரெயிலில் அது முடியாது. மேலே சொன்ன இரட்டை டிக்கெட் வந்து விடும். ஒரு ரெயில், ஒரு தேதி என்றால் அதன் கணக்கு ஒரே ஏட்டில்தான் இருக்க வேண்டும்.

இதற்கு வழி ரெயில்வேயின் சட்டத்திலேயே இருக்கிறது. 2024-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதல், 60 நாளைக்கு முன்புதான் முன்பதிவு. (அதற்கு முன்பு 120 நாள்.) எனவே ஒரு தேதியைக் குறிக்கட்டும். அந்தத் தேதிக்கு முன்பு புறப்படும் ரெயில் எல்லாம் பழைய ஏட்டில். அன்றும் அதற்குப் பிறகும் புறப்படும் ரெயில் எல்லாம் புது ஏட்டில். கவுண்ட்டரில் இருப்பவர் தேதியைத் தட்டினால், அந்தத் தேதிக்கு உரிய ஏடு தானே திறக்க வேண்டும். பிரயாணிக்கு வித்தியாசமே தெரியாது.

இதில் என்ன லாபம் என்றால், முதல் நாளில் புது எந்திரத்துக்கு ஒரே ஒரு தேதியின் வேலைதான். மறுநாள் இரண்டு தேதி. இப்படி ஒவ்வொரு நாளாகப் பாரம் ஏறும். பழையது ஒவ்வொரு நாளாக இறங்கும். விற்ற டிக்கெட்டை ஓர் எந்திரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போக வேண்டிய வேலையே இல்லை. பழைய ஏடு 60 நாளில் தானாகக் காலியாகி விடும். அதன் பிறகும் பணம் திருப்பிக் கொடுக்கும் கணக்கு கொஞ்ச நாள் இருக்கும். அதுவரை அதை அணைக்காமல் வைத்திருக்கலாம்.

நீண்ட தூர ரெயில் குறுக்கே வருமே என்று கேட்கலாம். திப்ருகரில் இருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிறது. வழியிலேயே 3 இரவு கழிந்து விடும். அதற்கு எந்தத் தேதி? புறப்பட்ட ஊரில் புறப்பட்ட தேதிதான். பேரேட்டுக் காலத்துக் குமாஸ்தாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கஷ்டமான நாள் ஒன்று இதிலும் உண்டு. குறித்த தேதிக்கு முந்தின நாள், புது எந்திரம் முதல் முறையாகத் தட்கல் கூட்டத்தைச் சந்திக்கும். அது பண்டிகை நாளாக இருக்கவே கூடாது. ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து வைத்துக் கொள்ளலாம். கல்யாணமும் இல்லை, கிரகப்பிரவேசமும் இல்லை. ரெயிலிலும் கூட்டம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்!

இரண்டு ஏற்பாட்டையும் சேர்த்து நடத்தினால் செலவுதான். மேலே சொன்ன அபராதத்தை ஒரு முறை திரும்பப் படித்துப் பார்க்கலாம்.

ஒப்பு நோக்குங்கள்

ஏடு எழுதினவர்கள் ஒரு வேலை செய்வார்கள். பிரதி எடுத்து முடிந்ததும் ஒருவர் பழைய ஏட்டைப் படிப்பார். மற்றவர் புது ஏட்டைப் பார்த்துக் கொண்டே வருவார். ஓலையில் புள்ளி வைத்து எழுதுவது அபூர்வம். தப்பாகப் படித்துத் தப்பாக எழுத இடம் அதிகம். ஆகையால், ஒப்பு நோக்காமல் விட மாட்டார்கள்.

புது எந்திரத்தை வெளியே விடுவதற்கு முன்பு பல மாதம் இந்த வேலை நடக்க வேண்டும். பழைய எந்திரம் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டையும் புது எந்திரத்துக்கும் காட்ட வேண்டும். "நீயாக இருந்தால் எந்த எண் கொடுத்திருப்பாய்?" என்று கேட்க வேண்டும். விடை வேறாக இருந்தால் ஏன் என்று தேட வேண்டும். பெரிய மையங்களை மட்டும் அல்ல, எல்லா மையங்களையும் இப்படிச் சோதிக்க வேண்டும்.

ஏனென்றால், பழைய புரோகிராமுக்குள் இருப்பது கணக்கு மட்டும் அல்ல. நியாயமும் இருக்கிறது. 60 வயது ஆனவர்களுக்கும், 45 வயது கடந்த பெண்களுக்கும், அவர்கள் கேட்காவிட்டாலும், இடம் இருந்தால் கீழ்ப் படுக்கை கொடு என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆர்.ஏ.சி. என்றால் ஒரு பக்கப் படுக்கையில் இரண்டு பேரை உட்கார வை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வழியில் உள்ள ஊர்களுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒதுக்கீட்டை நினைத்துத்தான் நமக்குக் கவலை. சென்னை, மதுரை என்றால் ஆயிரம் பேர் கவனிப்பார்கள். ஒரு பொத்தானில் தவறு வந்தாலும் பத்திரிகையில் வந்து விடும். நடுவில் உள்ள ஒரு சிறிய ஊருக்கு 4 படுக்கை ஒதுக்கி இருந்தது, புதிதாக எழுதும்போது விட்டுப் போயிற்று என்றால் யாருக்குத் தெரியும்? எந்திரம் நிற்காது. எச்சரிக்கை மணியும் அடிக்காது. அந்த ஊர்க்காரருக்கு "வெயிட்டிங் லிஸ்ட்" என்று வரும். "இந்த வருஷம் கூட்டம் அதிகம் போலிருக்கிறது" என்று அவர் பஸ்சுக்குப் போய் விடுவார்.

கவுண்ட்டரில் 20, 30 ஆண்டு உட்கார்ந்தவர்களுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். எந்த ரெயிலில் எந்த ஊருக்கு எத்தனை இடம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் நிபுணர்கள் புதிய புரோகிராமை எழுதட்டும். இவர்களில் மையத்துக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளட்டும். ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிடலாம். காபி வாங்கிக் கொடுத்தாலே சந்தோஷமாக வந்து சொல்வார்கள்.

ஜனங்களுக்கும் முன்கூட்டியே தேதியைச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் செல்போனில் டிக்கெட் எடுக்கும் காலம் இது. அவர்களுக்குச் செல்போனிலேயே அறிவிப்பு வந்து விடும். கவுண்ட்டரில் நிற்பவர் யார்? வயதானவர்கள், கட்டட வேலைக்கு வெளியூர் போகிறவர்கள், செல்போனில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள். அவர்களுக்குத் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பலகை வேண்டும்.

மாற்றம் நடக்கும் அந்த 60 நாளும், புறப்படும் நிலையத்தில் பிரயாணிகளின் பெயர்ப் பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டட்டும். பெட்டிக்கு ஒரு தாள். பரிசோதகர் கையிலும் ஒன்று இருக்கட்டும்.